பின்சீட்டுக்கும் காது உண்டு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து வந்தது எங்கள் மூக்கால்தான். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

நவம்பரில் பள்ளி வாரியம் நகரத்தில் கூடியது. நகரம் என்றால் பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறதே, அது. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பெரிய கடை எல்லாம் அங்கேதான். இமார்லுக்கிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. அலாஸ்காவின் இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்கும் கிடையாது. விமானம் ஏறு, இல்லாவிட்டால் வீட்டில் இரு, அவ்வளவுதான். அன்றைக்கு மூடுபனி கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இருந்தது. நானே விமானி, என் விமானமே ஓடுதளத்தில் நிற்கிறது, ஆனால் கிளப்ப முடியாது. அதனால் ஊரே பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடி, மேஜை நடுவில் ஸ்பீக்கர் போனை வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம்.

வாரியத் தலைவர் வசிலி பேசினார். எங்கள் ஆள்தான், எங்கள் மொழி பேசும் கீழ்க்கரைப் பக்கத்தில் பிறந்தவர். "இமார்லுக் பள்ளிக்கூடத்துல இப்ப ஒன்பது பிள்ளைங்கதான் இருக்காங்க. பத்துக்குக் கீழ போயிடுச்சு. இந்த வருஷத்தோட மூடிடலாமான்னு ஒரு யோசனை. ஊர்க்காரங்க என்ன சொல்றீங்க? மூடலாமா?"

நாங்கள் அத்தனை பேரும் மூக்கைச் சுருக்கினோம்.

எங்களிடம் கூடாது என்பதற்கு வாய் தேவையில்லை. மூக்கைச் சுருக்கினால் கூடாது, புருவத்தைத் தூக்கினால் ஆமாம். பிறந்த குழந்தைகூட முதலில் அதைத்தான் பேசும். அன்றைக்கு முப்பது நாற்பது மூக்குகள் ஒரே நேரத்தில் சுருங்கின. என் அத்தை மகள் அகுலினா சுருக்கிய சுருக்கில் அவள் கண்ணே மூடிக்கொண்டது. போன் சும்மா இருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

எல்லோரும் புருவத்தைத் தூக்கினோம்.

"பதில் இல்லை" என்று வேறொரு குரல் அந்தப் பக்கம் சொன்னது. "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கலாம்." டொக்கென்று வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் போனைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். அது கொய்ங் என்றது.

கடைசி ஓட்டெடுப்பு பிப்ரவரியில், நேரில் வந்து பேசலாம் என்று பிறகு தகவல் வந்தது. யாரை அனுப்புவது என்று ஊர் யோசிக்கவே இல்லை. அகுலினாதான். பள்ளிக்கூடத்தில் சமைப்பவள் அவள். எங்கள் மொழியிலும் பேசுவாள், இங்கிலீஷிலும் பேசுவாள், இரண்டிலும் யாருக்கும் பயப்பட மாட்டாள். அவளுடைய கடைசி மகள் நத்தாலியா அந்த ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தி. வயது பதிமூன்று. பள்ளிக்கூடத்தை மூடினால் அவளை நகரத்து விடுதிக்கு அனுப்ப வேண்டும். அகுலினாவையும் இதே பதிமூன்று வயதில்தான் விமானத்தில் ஏற்றித் தொலைதூரத்து விடுதிக்கு அனுப்பினார்கள். போகும்போது எங்கள் மொழியில் வாயாடிக்கொண்டே போனவள், திரும்பி வந்தபோது அந்த மொழியில் தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்பட்டாள். அது சரியாக வெகுகாலம் ஆனது. அந்தக் கதை என் மகளுக்கு நடக்காது என்று அவள் அடுப்படியில் கரண்டியை ஓங்கிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள், "போக மாட்டேன்" என்றாள்.

"ஏன் மதினி? பயமா?"

"பயமா? எனக்கா? ஏடி தெக்லா, உன் ஓட்டை விமானத்துல ஏறுறதுக்குப் பயப்படாம என்ன செய்ய?"

எங்கள் பக்கம் அத்தை மகளும் மாமன் மகளும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. காரணம் எனக்கே தெரியும். காது.

இளம் வயதில் பக்கத்து ஊர்ப் பந்தாட்டத்துக்குப் போய்விட்டு வரும்போது பனிவண்டி வழியில் நின்று, அவளுடைய இரண்டு காதும் உறைந்துபோயின. கறுத்து, உரிந்து, மேல்விளிம்பு போய்விட்டது. இப்போதும் குளிர்காலத்தில் தலையணை பட்டால்கூட வலிக்கும். மரத்தைப் பல்லாலேயே வெட்டிச் சாய்க்கும் பீவர் என்ற ஆற்று விலங்கின் தோலில் தைத்த தொப்பியைக்கூட அவள் தளர்த்தித்தான் வைத்துக்கொள்வாள். அந்தக் காதின் மேல் விமான ஹெட்செட்டை மாட்டினால் கதவிடுக்கில் விரல் மாட்டியது போல இருக்கும் என்பாள். மாட்டாமல் வந்தால், ஒரு மணி நேர இரைச்சலில் காது அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஒன்றும் கேட்காது. ஒருமுறை அப்படி நகரத்து ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து, டாக்டர் கேட்ட அத்தனை கேள்விக்கும் மாற்றிப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

"அங்க போய்ச் செவிடா நிக்கச் சொல்றியா?" என்றாள். "போன்ல ஊமை, நேர்ல செவிடுன்னு எழுதிக்குவாங்க."

"முந்தின நாளே போயிடலாம். ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"வானிலை உங்க மாமனார் வீட்டு வேலைக்காரனா, நீ சொன்ன நாள்ல வந்து நிக்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பிப்ரவரியில் எந்த நாளுக்கும் யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. என் விமானத்தின் பின்பக்கம் போய், கொக்கிகளில் தொங்கிய ஹெட்செட்களை ஒவ்வொன்றாக எடுத்து என் தலையில் மாட்டிப் பார்த்தேன். காது மெத்தை கல்லாகியிருந்தது. உள்ளே இருந்த நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. தலைவளையம் இடுக்கி மாதிரி பிடித்தது. விமானிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தன்னுடையது பழசானால் அது வலது பக்கத்துச் சீட்டுக்குப் போகும், அங்கேயும் பழசானால் பின்சீட்டுக்குப் போகும். குப்பைத்தொட்டிக்கு ஒரு படி முன்னால் பயணியின் காது.

நகரத்தில் விமானச் சாமான் கடை வைத்திருப்பவன் பிராண்ட். வெளியூர்க்காரன், முன்னாள் விமானி. அவனிடம் போய் நின்றேன்.

"காதை அமுக்காத ஹெட்செட் வேணும். என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் காட்டு."

"உனக்கா?"

"பயணிகளுக்கு."

"பின்சீட்டுக்கா?" அவன் சிரித்தான். "ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போறவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? ஆளுக்கு ரெண்டு பஞ்சு உருண்டை குடு, போதும்."

"பஞ்சை நீ வச்சுக்கோ. பின்சீட்டுக்கும் காது இருக்கு."

"இத்தனை வருஷம் நானும் ஜனங்களை ஏத்தியிருக்கேன். ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொன்னதில்லையே."

"சொன்னாங்க. மூக்கைச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னாங்க. நீ முன்னாடி பாத்துக்கிட்டு ஓட்டின."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மூன்று மாதிரிகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று.

முதலாவது, பேட்டரி போட்டால் இரைச்சலைத் தானே அடக்கும் வகை. பெட்டியைப் பார்த்தாலே மரியாதை வரும். அகுலினாவை நின்றுகொண்டிருந்த விமானத்தில் உட்காரவைத்து, இன்ஜினைக் கிளப்பி, மாட்டிவிட்டேன். முகம் மலர்ந்தது. நல்ல அமைதி. ஐந்து நிமிடத்தில் குளிருக்குப் பேட்டரி செத்தது, இரைச்சல் மொத்தமாக வந்து விழுந்தது. அவள் பிடுங்கி என் மடியில் எறிந்தாள். "உன் கல்யாண ராத்திரி மாதிரி இருக்குடி, நல்லா ஆரம்பிச்சு நடுவுல நின்னுபோச்சு" என்றாள். அடுத்த சீட்டில் என் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவன் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தான்.

இரண்டாவதில் காது மெத்தைக்குள் ஜெல் நிரப்பியிருந்தார்கள். கடையில் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது பிசைந்த மாவு மாதிரி இருந்தது. ராத்திரி விமானத்திலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் ஆற்றுப் பனிக்கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. அதை மாட்டச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் உள்ளே புகுந்தார்கள். காது வலிக்கிறது, குளிர்கிறது என்றால் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், தோல். கையுறை, காலணி, தொப்பி, குழந்தையின் தொட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில் என்றால் ஹெட்செட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? என் பழைய ஹெட்செட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், கல்லான மெத்தையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பீவர் ரோமத்தை உள்பக்கமாக வைத்துத் தைத்தார்கள். ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசிமணி வேறு. அப்படி ஒரு அழகு. கையில் வாங்கியதும் முகத்தோடு வைத்துத் தேய்க்கத் தோன்றியது. அகுலினா மாட்டிக்கொண்டு, "இது ஹெட்செட். மத்ததெல்லாம் எலிப்பொறி" என்றாள்.

இன்ஜினைக் கிளப்பினேன்.

ரோமம் என்றால் காற்றுப் புகும் என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. காற்றுப் போகும் இடமெல்லாம் சத்தமும் போகும். வலிக்கவே இல்லை, கதகதப்பாக இருந்தது, ஆனால் மாட்டாமல் இருந்தால் எவ்வளவு இரைச்சலோ அவ்வளவும் உள்ளே வந்தது. இன்ஜினை நிறுத்தியதும் தைத்த பெண்கள் வரிசையாக நின்று அகுலினா முகத்தைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள்? புருவத்தை மெதுவாகத் தூக்கினாள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் என்னிடம், "ரெண்டு பீவரும் காதுக்குள்ள மரம் வெட்டுதுடி" என்றாள். அதைக் கொக்கியில் மாட்டிவைத்தோம். அழகுக்கு இருக்கட்டும்.

பெட்டியில் மிச்சம் இருந்தது ஒன்று. பார்த்தால் ஹெட்செட் மாதிரியே இல்லை. மெல்லிய கம்பி ஒன்று, அதன் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நுரை, முன்னால் ஒரு சின்ன மைக். நுரையை விரலால் கசக்கிக் காதுத் துளைக்குள் வைத்தால் அது உள்ளே உப்பிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். காது மடலைத் தொடவே தொடாது.

"டாக்டர் கழுத்துல தொங்குறதை எதுக்குடி என் தலையில மாட்டுற?"

"ஒரு தடவை. அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

மாட்டினாள். அதன் மேலேயே பீவர் தொப்பியையும் போட்டுக்கொண்டாள், எதுவும் இடிக்கவில்லை. இன்ஜினைக் கிளப்பினேன். அவள் ஒரு காதிலிருந்து கழற்றினாள், உடனே திரும்ப வைத்தாள். மறுபடி கழற்றினாள், வைத்தாள். அப்புறம் மைக்கை வாயருகே இழுத்து, சாதாரணமாக, அடுப்படியில் பேசுகிற குரலில், "தெக்லா, நீ மூச்சு விடுறது கேக்குது. எருமை மாதிரி விடுற" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை ஏற்றிக்கொண்டு பறந்தபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குள் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிராண்டுக்குப் போன் செய்து அதை நானே எடுத்துக்கொள்கிறேன், பில் போடு என்றேன். அதில் ஒன்றுதான் இருக்கிறது, வேட்டை விடுதிக்காரர் ஒருவருக்கு எடுத்துவைத்தது, தெரியாமல் பெட்டியில் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்பு என்றான். கூட்டம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே புயல் பிடித்துக்கொண்டது. முந்தின நாளே போய்விடலாம் என்று நான் சொன்னதை அகுலினா ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஞாபகப்படுத்தினாள். புயலில் எங்களோடு இன்னொருவரும் மாட்டிக்கொண்டார். பள்ளிக் கட்டடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வாரியம் அனுப்பிய கர்ட்டிஸ். எல்லா விருந்தாளிகளையும் போலப் பள்ளி நூலகத்துத் தரையில் படுத்து, அகுலினா போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். மரியாதையான மனிதர்தான். காய்ந்த சால்மன் மீனைப் பாராட்டினார், நெஞ்சில் அடைத்தாலும் விடாமல் தின்றார். ஆனால் மேஜைகளை எண்ணும்போது, ஏற்கனவே ஆள் செத்துப்போன வீட்டில் சாமான் எண்ணுவது போல எண்ணினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கூட்டத்தன்று காலையில் வானம் பளிச்சென்று திறந்தது. பகல் ஒரு மணிக்குக் கூட்டம். ஓடுதளத்துப் பனியைத் தள்ளி, இன்ஜினைச் சூடுபடுத்தி, நாங்கள் ஏறும்போது பதினொன்றாகிவிட்டது. அகுலினா, ஊரிலிருந்து இன்னும் மூன்று பேர், கர்ட்டிஸ். அதிகாரிகள் எப்போதும் முன்சீட்டில் உட்காருவார்கள், அது அவர்களுக்குப் பழக்கம். கர்ட்டிஸும் ஏறி உட்கார்ந்து, அங்கே தொங்கிய கம்பி ஹெட்செட்டைக் கையில் எடுத்தார்.

"இது புதுசா இருக்கே! இதையே போட்டுக்கறேன்."

"அது எங்க மதினியோடது" என்றேன்.

"அவங்க பின்னாடிதானே உட்காருவாங்க?"

"இன்னைக்கு முன்னாடி. நீங்க பின்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். விமானத்துக்கு வெளியே அகுலினா பூப்போட்ட கஸ்பெக் அங்கியின் முன்பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாள். சாவி போடாமல் விமானம் கிளம்பாது என்பது அவருக்கும் தெரியும். இறங்கிப் பின்னால் போனார்.

பின்னால் போனவர் கொக்கியில் தொங்கிய பீவர் ஹெட்செட்டைப் பார்த்துவிட்டார். "அடடா! கைவேலையா? எவ்வளவு அழகு!" என்று தடவினார்.

"அதுல சத்தம் உள்ள வரும்" என்றேன். "பக்கத்துல இருக்கறதை எடுத்துக்குங்க. கொஞ்சம் அமுக்கும், ஆனா காதுக்கு நல்லது."

அவர் பக்கத்தில் இருந்ததை ஒரு கணம் மாட்டிப் பார்த்து, "ஐயோ" என்று கழற்றினார். "இதை எப்படித்தான் போடுறாங்களோ!" பீவரையே மாட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கழற்றியதை எடுத்து மாட்டிக்கொண்டார். வேறு வழி?

பறந்த நேரம் முழுக்க அகுலினா பேசினாள். மைக் இருக்கிறது, காது கேட்கிறது, அவளை யார் நிறுத்த முடியும்? கூட்டத்தில் பேச வேண்டியதை எங்கள் நான்கு பேருக்கும் சொல்லிக் காட்டினாள். "இது எப்படி இருக்கு?" என்றாள். பின்னாலிருந்து ஒருவர், "அழுகிற மாதிரி இருக்கு, வேண்டாம்" என்றார். மாற்றினாள். "இது?" "அடிக்க வர்ற மாதிரி இருக்கு." "அப்ப இதை வச்சுக்கறேன்" என்றாள். கீழே ஆறு வெள்ளையாக வளைந்து வளைந்து கூடவே வந்தது. கர்ட்டிஸ் கண்ணை மூடியபடி இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது.

கூட்டம் தொடங்கி அரைமணி நேரம் ஆனபிறகுதான் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் வசிலி. "முதல்ல கட்டட அறிக்கை" என்றார். "கர்ட்டிஸ், கட்டடத்தைப் பாத்தீங்களா?"

கர்ட்டிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"இன்னும் ஒரு வருஷம் தாங்குமா, இல்ல இடிக்கிற நிலைமையா?"

கர்ட்டிஸ் மறுபடி சிரித்துக்கொண்டே, "ஆமா, ஆமா" என்றார்.

எது ஆமா? ஏழு பேரும் விழித்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுகிற பெண் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப இடிக்கணும்னு எழுதிக்கலாமா?" என்றார் ஒருவர். கர்ட்டிஸ் அதற்கும் தலையாட்டினார். அந்த மனிதர் காது அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார், ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார், எங்கள் பள்ளிக்கூடம் அவர் தலையாட்டலில் இடிந்துகொண்டிருக்கிறது.

அகுலினா எழுந்தாள்.

"அவருக்குக் காது கேக்கல" என்றாள். "விமானச் சத்தத்துல அடைச்சுப்போச்சு. எழுதிக் காட்டிக் கேளுங்க."

"அம்மா, உங்க முறை வரும்போது..."

"எழுதிக் காட்டுங்க. பதில் வராததைப் பதில்னு எழுதிக்கறது உங்க பழக்கம். நாங்க அப்படித் தோத்துட்டுப் போக வரல."

எழுதுகிற பெண் ஒரு தாளில் கேள்வியை எழுதி நீட்டினாள். கர்ட்டிஸ் படித்தார். காது மடல் வரை சிவந்து போனார். அப்புறம் காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்க, "இடிக்கவா? இல்லவே இல்லை! கட்டடம் நல்லா இருக்கு. ஹீட்டர் மட்டும் பழசு, அதை மாத்தினா போதும்!" என்று கத்தினார்.

"இதை எழுதிக்குங்க" என்றாள் அகுலினா. உட்காரவில்லை. "இப்ப என் முறை. எடுத்துக்கவா?"

வசிலி கையைக் காட்டினார்.

விமானத்தில் சொல்லிப் பார்த்ததில் பாதியை அவள் சொல்லவே இல்லை. "நவம்பர்ல மூடலாமான்னு கேட்டீங்க. பதில் இல்லைன்னு எழுதினீங்க" என்று ஆரம்பித்தாள். "நாங்க பதில் சொன்னோம். ஊரே சொல்லிச்சு. உங்க எழுத்துல அதைத் திருத்தணும். வசிலி, நீ எங்க பொறந்தன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல நீ அடுப்புல கை வைக்கப் போனப்ப உங்க அம்மா உன்கிட்ட வேண்டாம்னு எப்படிச் சொன்னா? வாயாலயா?"

வசிலி கீழே பார்த்தார்.

"என்னைப் பதிமூணு வயசுல கொண்டுபோனாங்க. யாரும் எங்க அம்மாகிட்ட கேக்கல. அவளும் மூக்கைச் சுருக்கிக்கிட்டுத்தான் ஓடுதளத்துல நின்னா. விமானி முன்னாடி பாத்துக்கிட்டு இருந்தான். இப்ப என் மகளுக்குப் பதிமூணு வயசு. நான் முன்சீட்டுல உட்கார்ந்து வந்திருக்கேன். காது நல்லா கேக்குது. ஏழு பேரும் என்னென்ன கேக்கணுமோ கேளுங்க."

கேட்டார்கள். பிள்ளைகள் குறைவு என்றார்கள். வரும் இலையுதிர்காலத்தில் இரண்டு குடும்பம் திரும்பி வருகிறது என்றாள். செலவு என்றார்கள். விடுதிச் செலவு யார் தலையில் விழும் என்று திருப்பிக் கேட்டாள். ஓர் உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பொம்பளை விடமாட்டா போல" என்று முணுமுணுத்தார். "விடமாட்டேன்" என்றாள் இங்கிருந்தே. கூடம் சிரித்தது. அவர் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் வசிலி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுதுகிற பெண்ணைப் பார்த்து, "இதை நல்லாப் பாத்து எழுது" என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து எங்கள் மொழியில் கேட்டார்.

"இமார்லுக். பள்ளிக்கூடத்தை மூடலாமா?"

நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து மூக்கும் சுருங்கின. எங்களுக்குப் பின்னால் வேறு வேலையாக வந்து உட்கார்ந்திருந்த கீழ்க்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் மூக்கைச் சுருக்கினார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பதில் வந்துசேர்ந்தது என்று வசிலி மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புருவத்தைத் தூக்கினார்.

ஓட்டு எடுத்தார்கள். மூட வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று நான்கு கை. ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு அப்புறம் மறுபடி கேட்பார்களாம். கேட்கட்டும், நாங்களும் மறுபடி வருவோம்.

திரும்பிப் போகும் முன் பெட்ரோல் போட நான் ஓடுதளத்து அலுவலகத்துக்குள் போனேன். அகுலினா அங்கே அடுப்பருகே பைலட் பிரெட் என்கிற கெட்டி பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பி ஹெட்செட் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது, நகரத்தில் இறங்கியதிலிருந்து அவள் அதைக் கழற்றவில்லை. அலுவலகப் போன் அடித்தது. பிராண்ட். நான் வந்திருப்பது தெரிந்து கூப்பிட்டிருக்கிறான்.

"அந்தச் சாமானை இப்பவே கடையில கொண்டாந்து குடுத்துட்டுப் போ" என்றான். "வேட்டை விடுதிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கார். உன் பயணிகளுக்கு வேணும்னா பழசு நாலு தரேன், காசே வேண்டாம். பின்சீட்டுக்கு அது போதும்."

"நான் சொல்ல முடியாது" என்றேன். "அந்த ஹெட்செட்காரங்க இங்கேயே இருக்காங்க, நீயே கேட்டுக்கோ." போனை அகுலினாவிடம் நீட்டினேன்.

அவன் கேட்பது எனக்கும் வெளியே கேட்டது. "அம்மா, அதைத் திருப்பிக் குடுத்துடுறீங்களா?"

அகுலினா மூக்கைச் சுருக்கினாள். நன்றாக, கண் மூடும் அளவுக்குச் சுருக்கினாள். அந்தப் பக்கம் அவன், "ஹலோ? இருக்கீங்களா? சரி, அப்ப ஆளை அனுப்..." என்று ஆரம்பித்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். கையில் இருப்பது போன் என்பதைப் பார்த்தாள். வாயில் இருந்த பிரெட்டை விழுங்கினாள். போனை வாயருகே கொண்டுபோய், அலுவலகத்துக் கண்ணாடி அதிர, "முடியாது!" என்றாள். "எழுதிக்கோ!"